மின்கம்பியின் உள்முறிவைக் கண்டறிதல்

உள்முறிவு என்பது, காப்புறையிடப்பட்ட மின்கம்பியின் வெளியுறை சிதையாமல் இருக்க, அதனுள்ளே உள்ள செப்பு அல்லது அலுமினியக் கடத்தி மட்டும் அறுந்துபோவதாகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கம்பி முழுமையாகவே தோன்றும். சுவருக்குள்ளும் நிலத்தடியிலும் ஆழ்துளைக் கிணற்றுக்குள்ளும் செல்லும் கம்பிகளில் இத்தகைய முறிவு எந்த இடத்தில் உள்ளது என்பதை அறிவது தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. கம்பி முறிந்துள்ளது என்று அறிவது எளிது. எங்கே முறிந்துள்ளது என்று அறிவதே கடினம். இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையின் தென்புறநகர்ப் பகுதியான திருநீர்மலை, பல்லாவரம், தாம்பரம் வட்டாரத்தின் வீட்டு மின்னமைப்பையும் ஆழ்துளைக் கிணறுகளையும் சார்ந்தவை. எனினும் இம்முறைகள் எங்கும் பொருந்துவனவே.

முறிவு ஏற்படும் விதம்

வளையும் கம்பிகளில் முறிவுக்கு முதற்காரணம் உலோகச் சோர்வு ஆகும். இஸ்திரிப் பெட்டி, மேசை விசிறி, மிக்சி போன்றவற்றின் கம்பிகள் பல மெல்லிய இழைகளால் ஆனவை. எடுத்துக்காட்டாக, 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள 24 செப்பு இழைகள் உள்ளன. மீண்டும் மீண்டும் வளைக்கப்படும்போது செப்பு இறுகி, இழை இழையாக அறுகிறது. பிவிசி உறையோ மீண்டும் மீண்டும் நீண்டு சுருங்கும் தன்மை உடையது. எனவே அது அப்படியே இருக்கும். முறிவு பெரும்பாலும் பிளக்கை ஒட்டியோ கருவியின் கழுத்தை ஒட்டியோ ஓரிரு அங்குலத்துக்குள் நிகழ்கிறது. கம்பியின் நடுவில் முறிவது அரிது. இந்த ஒன்றை நினைவில் வைத்தாலே பாதித் தேடல் முடிந்துவிடும்.

சுவருக்குள் பதித்த கம்பிகள் வளைவதில்லை. அங்கே காரணங்கள் வேறு. உறையை உரிக்கும்போது கத்தி பட்டுக் கடத்தியில் விழுந்த கீறல், படம் மாட்ட அடித்த ஆணி, தளர்ந்த இணைப்பில் எழும் வெப்பம், எலியும் அணிலும் கடித்தல் ஆகியவை முதன்மையானவை. பழைய வீடுகளின் அலுமினியக் கம்பிகளில் இறுக்கிய திருகாணியின் அடியில் உலோகம் மெல்ல நகர்ந்து தளர்வதும் உண்டு. ஆகவே சுவரை உடைப்பதற்கு முன் ஒவ்வொரு சந்திப் பெட்டியையும் திறந்து பார்ப்பதே முறை. சந்திப் பெட்டிகள் சுண்ணாம்புப் பூச்சுக்குள் மூடப்பட்டு மறைந்துபோன வீடுகளும் உள்ளன. அங்கே பெட்டியைத் தேடுவதே பாதி வேலையாகிவிடும்.

தொழிற்சாலைகளில் ஓடும் கிரேன்களிலும் எந்திரங்களிலும் கம்பி இடைவிடாது மடங்கி விரிகிறது. திருநீர்மலைக்கு அருகிலுள்ள திருமுடிவாக்கம் சிட்கோ போன்ற தொழிற்பேட்டைகளில் இவ்வகைக் கம்பிகள் மிகுதி. இவற்றில் முறிந்த முனைகள் எந்திரம் நிற்கும்போது ஒன்றையொன்று தொட்டும், ஓடும்போது விலகியும் இருக்கலாம். நின்ற நிலையில் செய்யும் எந்தச் சோதனையும் இத்தகைய விட்டுவிட்டுத் தோன்றும் முறிவைக் காட்டாது. கம்பியை அசைத்துக்கொண்டே அளப்பது ஒன்றே வழி.

மூன்று கம்பிகள், மூன்று விளைவுகள்

வீட்டு மின்னமைப்பில் பேஸ் எனப்படும் மின்னோட்டக் கம்பி, நியூட்ரல் எனப்படும் நடுநிலைக் கம்பி, எர்த் எனப்படும் புவிக்கம்பி ஆகிய மூன்றும் உள்ளன. முறிவு எந்தக் கம்பியில் என்பதைப் பொறுத்து அதன் விளைவு முற்றிலும் மாறுபடும்.

பேஸ் கம்பி முறிந்தால் கருவி இயங்காது. டெஸ்டரும் ஒளிராது. குறை தன்னைத் தானே அறிவித்துவிடும்.

நடுநிலைக் கம்பி முறிந்தால் குறை ஏமாற்றும். கருவி இயங்காது, ஆனால் அதே சுற்றில் ஏதேனும் ஒரு விளக்கோ விசிறியோ இணைக்கப்பட்டிருந்தால், பேஸ் மின்னழுத்தம் அதன் வழியாகச் சென்று முறிந்த நடுநிலைக் கம்பியின் இப்பக்கத்தையும் அடையும். சாக்கெட்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் ஒளிரும். "இரண்டு பக்கமும் பேஸ் வருகிறது" என்று மின்பணியாளர்கள் கூறுவது இந்த நிலையையே. இயங்காத கருவியில் மின்சாரம் இல்லை என்று எண்ணி அதன் உட்பகுதியைத் தொடுபவர் அதிர்ச்சிக்கு உள்ளாகிறார்.

மும்முனை இணைப்பில் பொது நடுநிலைக் கம்பி முறிந்தால் விளைவு மேலும் கடுமையானது. இரு முனைகளின் சுமைகள் தொடரிணைப்பாகி, 230 வோல்ட்டுக்குப் பதிலாக 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு முனையில் 1000 வாட் சுமையும் மறுமுனையில் 100 வாட் சுமையும் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் தடைகள் முறையே ஏறத்தாழ 53 ஓம், 529 ஓம். பங்கீட்டின்படி 100 வாட் கருவிக்கு ஏறத்தாழ 360 வோல்ட் கிடைக்கும். ஒரு தெருவில் சில வீடுகளின் விளக்குகள் மங்கலாக எரிய, வேறு சில வீடுகளின் குளிர்பெட்டியும் தொலைக்காட்சியும் ஒரே நேரத்தில் கருகுவது இதனால்தான். விளக்குகள் ஓரிடத்தில் மங்கி மற்றோரிடத்தில் அளவுக்கு மீறி ஒளிர்ந்தால், உடனே முதன்மை ஆளியை அணைக்க வேண்டும். மின்கம்பத்திலிருந்து மீட்டர் வரையிலான பகுதி மின்பகிர்மான நிறுவனத்தின் பொறுப்பு. நுகர்வோர் அதில் கைவைக்கலாகாது.

புவிக்கம்பி முறிந்தாலோ எதுவுமே நிகழாது. விளக்கு எரியும், துணிதுவைப்பி சுழலும், நீர்சூடேற்றி கொதிக்கும். ஆண்டுக்கணக்கில் ஒருவருக்கும் தெரியாமல் அம்முறிவு கிடக்கும். பின்னொரு நாள் கருவியின் உட்காப்பு பழுதுபட்டு, உலோக உடல் மின்னழுத்தம் பெறும்போது, அந்த மின்னோட்டத்தை நிலத்துக்குக் கொண்டுசெல்ல வழி இருக்காது. தொடும் மனிதரே வழியாவார். மூன்று முறிவுகளில் உயிருக்கு மிகுந்த இடர் தருவது எந்த அறிகுறியும் காட்டாத இதுவே. எனினும் வீடுகளில் மிகக் குறைவாகச் சோதிக்கப்படுவதும் இதுதான்.

ஆர்சிசிபி எனப்படும் கசிவுமின் துண்டிப்பி உள்ள வீடுகளில் இடர் பெரிதும் குறைகிறது. வீடுகளில் பொருத்தப்படும் வகை 30 மில்லி ஆம்பியர் கசிவில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும். ஆனால் புவிக்கம்பி முறிந்த நிலையில் அந்தக் கசிவு மனித உடல் வழியாகத் தொடங்கிய பிறகே அது செயற்படும். மேலும், அதிலுள்ள சோதனைப் பொத்தான் அக்கருவியின் பொறியமைப்பை மட்டுமே சோதிக்கிறது; வீட்டின் புவிக்கம்பி முழுமையாக உள்ளதா என்பதை அது சோதிப்பதில்லை. பொத்தானை அழுத்தியதும் துண்டிக்கிறது, ஆகவே எர்த் சரியாக உள்ளது என்று கருதுவது பரவலான தவறு.

தொடர்ச்சிச் சோதனையும் அதன் எல்லையும்

முறிவு உண்டா என்பதை அறிய, மின்சாரத்தை முழுவதும் துண்டித்து, கம்பியின் இரு முனைகளையும் கழற்றி, மல்டிமீட்டர் எனக் கடைகளில் விற்கும் பல்மானியால் தடையை அளப்பது வழக்கம். செப்புக் கம்பியின் தடை மிகச் சிறியது. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம், 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 7.41 ஓம். எனவே 20 மீட்டர் நீளமுள்ள 1.5 சதுர மில்லிமீட்டர் புவிக்கம்பியின் தடை கால் ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். மானியின் சொந்தக் கம்பிகளின் தடையை முதலில் அளந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

பல்மானியின் ஒலிப்பானை மட்டும் நம்புவது போதாது. பெரும்பாலான மானிகளில் தடை 30 முதல் 50 ஓம் வரை இருந்தாலும் ஒலி எழும். முற்றிலும் அறுபடாமல் ஓரிரு இழைகளில் தொங்கும் கம்பி இச்சோதனையில் தேறிவிடும். அத்தகைய இடத்தில் ஒரு ஓம் தடை மட்டும் இருப்பதாகக் கொண்டால், 2000 வாட் நீர்சூடேற்றி இயங்கும்போது அந்த ஒரு புள்ளியில் ஏறத்தாழ 70 வாட் வெப்பம் உண்டாகும். சுவருக்குள் ஒரு குண்டு விளக்கை எரியவிட்டதற்கு இது ஒப்பாகும். சாதாரண பிவிசி உறை 70 பாகை செல்சியசு வரையிலான கடத்தி வெப்பநிலைக்கே ஏற்றது. ஆகவே, பகுதி முறிவு முழு முறிவைவிடத் தீ விபத்துக்கு நெருக்கமானது எனலாம்.

இதனைக் கண்டறிய, கம்பியில் உண்மையான சுமையைச் செலுத்தி மின்னழுத்த வீழ்ச்சியைப் பார்க்க வேண்டும். பழைய மின்பணியாளர்கள் இன்றும் கையில் வைத்திருக்கும் ஹோல்டருடன் கூடிய குண்டு விளக்கு இவ்வகையில் மலிவான பல்மானியைவிட நம்பத்தக்கது. மானி ஒரு மில்லி ஆம்பியர் அளவிலோ அதற்கும் குறைவாகவோ செலுத்திப் பார்க்கிறது. விளக்கோ அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கிறது.

இடத்தைக் கண்டறிதல்: எளிய முறைகள்

கருவிக் கம்பிகளில் மானியை இணைத்துக்கொண்டு, கம்பியை ஒரு முனையிலிருந்து விரல் விரலாக வளைத்துக்கொண்டே வருவது முதல் முறை. முறிந்த இடம் வளையும்போது அளவு துள்ளும். இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்தால் அவ்விடத்தில் உறை மட்டும் ரப்பர்போல் நீள்வதையும், விரலுக்கு மெலிவாகப் படுவதையும் உணரலாம். மின்சாரம் பாயும் நிலையில் இதைச் செய்தல் கூடாது.

குண்டூசியை உறைக்குள் குத்தி அளப்பது மற்றொரு முறை. பாதியாக்கல் முறையோடு இது சேர்ந்தால் விரைவாக முடியும். முதலில் கம்பியின் நடுவில் குத்திப் பார்த்து, முறிவு எந்தப் பாதியில் உள்ளது என அறிந்து, அந்தப் பாதியின் நடுவில் மீண்டும் குத்த வேண்டும். 50 சிறு விளக்குகள் தொடராகக் கோத்த சீரியல் செட்டில் ஒரே ஒரு முறிவு இருந்தால், ஒவ்வொன்றாகப் பார்ப்பவர் 50 முறை சோதிக்க நேரலாம். பாதியாக்குபவருக்கு 6 சோதனைகள் போதும். திருநீர்மலை போன்ற கோயில் ஊர்களில் திருவிழாவுக்கு முன்னாள் மாலையில் விளக்குச் சரம் கட்டுவோருக்கு இந்த வேறுபாடு பெரியது. ஊசி குத்திய துளை வழியே ஈரம் புகும் என்பதால், வீட்டு மின்னழுத்தத்தில் இயங்கும் கம்பிகளிலும் நனையக்கூடிய கம்பிகளிலும் இம்முறை ஏற்கத்தக்கதன்று.

உறையைத் துளைக்காமல் தேட, தொடாமலே மின்னழுத்தம் அறியும் டெஸ்டர் உதவுகிறது. மாறுமின்னழுத்தம் உள்ள கடத்தியைச் சுற்றி மின்புலம் உண்டு. அப்புலம் காப்புறையைக் கடந்து வெளிவரும். முறிந்த கடத்திக்கு ஒரு முனையிலிருந்து பேஸ் கொடுத்து, டெஸ்டரைக் கம்பியின்மேல் நகர்த்திச் சென்றால், முறிவைத் தாண்டியதும் ஒளியும் ஒலியும் நின்றுவிடும். இங்கே ஒரு நுட்பம் தவறவிடப்படுகிறது. ஒரே உறைக்குள் உள்ள மற்றக் கடத்திகள் எதனோடும் இணையாமல் விடப்பட்டால், அவற்றிலும் தூண்டப்பட்ட மின்னழுத்தம் தோன்றி, முறிவுக்கு அப்பாலும் டெஸ்டர் ஒலித்துக்கொண்டே இருக்கும். முறிவுக்கு அப்பாலுள்ள துண்டும் அவ்வாறே தூண்டல் பெறும். எனவே மற்றக் கடத்திகளையும், முறிந்த கடத்தியின் மறுமுனையையும் புவியுடன் இணைத்த பிறகே தேட வேண்டும். மின்கலத்தால் இயங்கும் ஒலியலை அனுப்பியும் அதற்குரிய தேடுகோலும் கொண்ட கருவி இதே வேலையை மின்னதிர்ச்சி அச்சமின்றிச் செய்கிறது. தொலைபேசிக் கம்பியாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய கருவி இதுவாகும். மாணவர்கள் செய்து பார்க்கத் தகுந்ததும் இதுவே.

மின்தேக்குதிறன் முறை

காப்புறையால் பிரிக்கப்பட்டு அருகருகே ஓடும் இரு கடத்திகள் ஒரு மின்தேக்கியாக அமைகின்றன. கம்பி ஒரே சீராக இருந்தால், மின்தேக்குதிறன் நீளத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். முறிந்த கடத்தியை ஒரு முனையிலிருந்து அளந்தால், முறிவு வரையுள்ள நீளத்தின் மின்தேக்குதிறன் மட்டுமே கிடைக்கும். மறுமுனையிலிருந்து அளந்தால் எஞ்சிய நீளத்தின் மின்தேக்குதிறன் கிடைக்கும். இரண்டின் விகிதமே முறிவின் இடத்தைச் சொல்லிவிடும்.

எடுத்துக்காட்டாக, 40 மீட்டர் நீளமுள்ள மூன்றிழைக் கம்பி ஒன்றில் ஒரு கடத்தி முறிந்துள்ளதாகக் கொள்வோம். மற்ற இரண்டையும் ஒன்றாக முறுக்கி, அவற்றுக்கும் முறிந்த கடத்திக்கும் இடையே முதல் முனையில் அளந்தால் 1.2 நானோ பாரட், மறுமுனையில் அளந்தால் 2.8 நானோ பாரட் கிடைக்கிறது. கூட்டுத்தொகை 4.0. முறிவு முதல் முனையிலிருந்து 40 × 1.2 ÷ 4.0, அதாவது 12 மீட்டர் தொலைவில் உள்ளது. மின்தேக்குதிறன் அளக்கும் வசதியுள்ள பல்மானி இருந்தால் இதற்கு வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை.

இம்முறையின் சிறப்பு, ஒரு மீட்டருக்கு எத்தனை பிகோ பாரட் என்பது தெரிய வேண்டியதில்லை என்பதே. அந்த எண் இரு அளவீடுகளிலும் பொதுவாக இருப்பதால் விகிதத்தில் நீங்கிவிடுகிறது. இரு முனைகளும் எல்லா இணைப்புகளிலிருந்தும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். முறிவு ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும். மானியின் கம்பிகளுக்கே உள்ள மின்தேக்குதிறனைக் கழிக்க வேண்டும். கம்பியின் ஒரு பகுதி நனைந்திருந்தால் விகிதம் பிறழும். கன்டியூட் குழாய்க்குள் தனித்தனிக் கம்பிகளாக இழுக்கப்பட்ட வீட்டு மின்னமைப்பில், கம்பிகளின் இடைவெளி சீராக இல்லாததால், கிடைக்கும் விடை தோராயமானதே. ஆயினும் எந்த அறையின் சுவர் என்று அறிய அது போதும்.

பொறியியல் பாடநூல்களில் முதலிடம் பெறும் மரே சுற்றுமுறை இவ்விடத்தில் பயன்படாது என்பதைக் குறிப்பிட வேண்டும். அம்முறை வீட்சுடன் சமனச்சுற்றின் அடிப்படையில், கடத்தி அறுபடாமல் அதன் காப்பு மட்டும் பழுதுபட்டுப் புவியைத் தொடும் குறைகளுக்கு உரியது. அறுந்த கடத்தியில் மின்னோட்டச் சுற்றே அமையாது. தேர்வுக்குப் படிப்போர் இவ்விரு குறைகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது உண்டு.

துடிப்பு எதிரொளிப்பு முறை

மின்பகிர்மான நிறுவனங்களின் பழுதறி வண்டிகளில் உள்ள கருவி கம்பிக்குள் குறுகிய மின்துடிப்பை அனுப்பி, அது முறிவில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. எக்சுஎல்பிஇ காப்புள்ள நிலத்தடிக் கம்பியில் துடிப்பின் வேகம் மைக்ரோ நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர். ஒரு மைக்ரோ நொடியில் எதிரொலி திரும்பினால், போய்வரும் தொலைவு 170 மீட்டர். முறிவு 85 மீட்டரில் உள்ளது. அறுந்த முனையிலிருந்து துடிப்பு நிமிர்ந்தே திரும்பும். குறுக்குச் சுற்றிலிருந்து தலைகீழாகத் திரும்பும். ஒரே பார்வையில் குறையின் வகையையும் இடத்தையும் அறியலாம். வீட்டுக்குள் உள்ள பத்து மீட்டர் கம்பிக்கு எதிரொலி ஏறத்தாழ பத்தில் ஒரு மைக்ரோ நொடியில் திரும்பிவிடுவதால் சாதாரண கருவிகளால் பிரித்தறிய இயலாது.

ஆழ்துளைக் கிணற்றுக் கம்பி

தென்சென்னைப் புறநகரில் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியுள்ள குடியிருப்புகள் ஏராளம். நீரில் மூழ்கி இயங்கும் மோட்டார்களுக்கு மூன்று கடத்திகள் கொண்ட தட்டைக் கம்பி குழாயோடு சேர்த்துக் கட்டி இறக்கப்படுகிறது. மோட்டார் தொடங்கி நிற்கும் ஒவ்வொரு முறையும் குழாய் சற்றே முறுக்கிக்கொள்ள, கம்பி கிணற்றுக் குழாயின் சுவரில் உராய்கிறது. முறிவு ஏற்பட்டால் கண்ணால் பார்க்க வழியில்லை. குழாயை மேலே ஏற்ற ஆட்களையும் கப்பியையும் வரவழைக்க வேண்டும். அதுவரை வீட்டில் தண்ணீர் இல்லை. எனவே ஏற்றுவதற்கு முன் மேலிருந்தபடியே எவ்வளவு அறியலாமோ அவ்வளவும் அறிவது பயனுள்ளது.

ஒருமுனை மோட்டாரில் ஓட்டுச்சுருள், தொடக்கச்சுருள் என இரண்டு உண்டு. அவற்றின் ஒரு முனை பொதுவானது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து மூன்று கம்பிகளையும் கழற்றி, இரண்டிரண்டாக அளந்தால் மூன்று தடைகள் கிடைக்கும். ஓட்டுச்சுருள் 4 ஓம், தொடக்கச்சுருள் 6 ஓம் எனில் மூன்றாவது அளவு 10 ஓமாக இருக்கும். ஒரு கம்பி முறிந்தால் மூன்றில் இரண்டு அளவுகள் முடிவிலியாகும். அவ்விரண்டிலும் இடம்பெற்ற கம்பியே முறிந்தது. எஞ்சிய அளவு 10 ஓமாக இருந்தால் முறிந்தது பொதுக் கம்பி. இரு சுருள்களும் நலமாக உள்ளன என்பது அதனால் உறுதியாகிறது. குறை பெரும்பாலும் கம்பியிலோ இணைப்பிலோ இருக்கும். எஞ்சியது 4 ஓமாக இருந்தால் தொடக்கச்சுருளுக்கான கம்பி முறிந்திருக்கலாம், அல்லது சுருளே எரிந்து அறுந்திருக்கலாம். தடை அளவால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது.

இங்கே மின்தேக்குதிறன் மீண்டும் கைகொடுக்கிறது. முறிந்த கடத்திக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே அளந்து, மிகச் சிறிய அளவு வந்தால் முறிவு மேற்பகுதியில் உள்ளது. குழாயை ஏற்றாமலே சரிசெய்ய வாய்ப்புண்டு. அளவு பெரிதாக இருந்தால் முறிவு அடியில், மோட்டாரின் குறுங்கம்பியும் நெடுங்கம்பியும் சேரும் இணைப்பில் இருக்கலாம், அல்லது சுருளுக்குள் இருக்கலாம். அவ்விணைப்பே இவ்வகைக் கம்பிகளில் முதலில் ஐயுறத்தக்க இடம். ஒப்பிட்டுப் பார்க்க, கிணறு இறக்கியபோது மிஞ்சிய அதே கம்பியின் துண்டை அளந்துகொள்ளலாம். தட்டைக் கம்பியில் நடுக் கடத்தியின் மின்தேக்குதிறன் ஓரக் கடத்திகளைவிடக் கூடுதல் என்பதால், ஒப்பீடு அதே இடத்திலுள்ள கடத்தியோடு செய்யப்பட வேண்டும். நீருக்குள் மூழ்கிய பகுதியின் அளவும் உலர்ந்த பகுதியின் அளவும் ஒன்றாக இரா. ஆகவே இது மேலா கீழா என்று சொல்லுமேயன்றி, இத்தனையாவது அடி என்று சொல்லாது.

நீர் புகுந்த கம்பிகள்

திருநீர்மலையின் பெயரே நீரால் சூழப்பட்ட மலையைக் குறிக்கிறது. 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான இத்தலத்துக்கு வந்த திருமங்கையாழ்வார், வெள்ளம் வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்தார் என்று தலவரலாறு கூறுகிறது. பேரூராட்சியாக இருந்த இவ்வூர் 2021-ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. அடையாற்றை ஒட்டிய இவ்வட்டாரத்தின் தாழ்வான பகுதிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டன.

வெள்ளத்துக்குப் பின் உள்முறிவு தேடுவோருக்கு நீர் ஒரு பொய்ச்சான்றாக அமைகிறது. முறிந்த இரு முனைகளுக்கும் இடையே ஈரம் புகுந்தால் அது பலவீனமான பாலமாகி, டெஸ்டரை ஒளிரச் செய்யும். பல்மானியில் சில ஆயிரம் ஓம் அளவுக்கு ஏறியிறங்கும் தடையைக் காட்டும். முறிவே இல்லை என்று தோன்றும். கன்டியூட் குழாய்க்குள் தேங்கிய நீர், வீடு வெளியில் உலர்ந்து பல நாள் ஆன பின்னும் இருக்கக்கூடும். ஆகவே முதலில் 500 வோல்ட் மெகரால் காப்புத்தடையை அளந்து, அது உரிய அளவுக்கு உயர்ந்த பிறகே தொடர்ச்சி, மின்தேக்குதிறன் ஆகிய சோதனைகளுக்குப் பொருளுண்டு. மெகர் சோதனைக்கு முன் தொலைக்காட்சி, விளக்குகள் முதலிய மின்னணுக் கருவிகள் அனைத்தும் கழற்றப்பட வேண்டும். 500 வோல்ட் அவற்றைப் பழுதாக்கிவிடும்.

கடலடித் தந்தியிலிருந்து

கண்ணுக்கு எட்டாத கம்பியின் முறிவை முனையிலிருந்தே அளந்தறியும் கலை வீடுகளில் பிறந்ததன்று, கடலடியில் பிறந்தது. 1858-இல் இடப்பட்ட முதல் அட்லாண்டிக் தந்திக் கம்பி சில வாரங்களிலேயே செயலிழந்தது. 1865-இல் இடும்போது நடுக்கடலில் அறுந்து மூழ்கிய கம்பி, 1866-இல் மீட்கப்பட்டு இணைக்கப்பட்டது. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கான கடலடித் தந்தி 1871-இல் பயன்பாட்டுக்கு வந்தது.

செப்பு முனை கடல்நீரைத் தொட்டால், கரையிலிருந்து தடையை அளந்து தொலைவைக் கணித்தனர். கட்டாபெர்ச்சா என்னும் மரப்பிசின் காப்பு முனையை மூடிக்கொள்ள, செப்பு மட்டும் உள்ளே அறுந்தால் தடையளவு பயனற்றதாகிவிடும். அப்போது கம்பியில் மின்னூட்டம் ஏற்றி, அது எவ்வளவு கொள்கிறது என்பதை அளந்தே தொலைவைக் கண்டனர். இன்று ஒரு மாணவர் பல்மானியால் மேசைமேல் செய்யும் மின்தேக்குதிறன் சோதனை அதன் வழிவந்ததே. 2002-இல் இயங்கத் தொடங்கிய சென்னை–சிங்கப்பூர்க் கம்பியும், 2020 ஆகத்து 10 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கம்பியும் ஒளியிழைகளால் ஆனவை. அவற்றில் மின்துடிப்புக்குப் பதிலாக ஒளித்துடிப்பு சென்று திரும்புகிறது, கணக்கு ஒன்றே.

கண்டறிந்த பின்

கருவிக் கம்பியில் முறிவு முனைக்கு அருகில் இருந்தால், அப்பகுதியை வெட்டி நீக்கி மீண்டும் பிளக்கை இணைக்கலாம். நடுவில் இருந்தால் கம்பியை மாற்றிவிடுவதே தக்கது. இஸ்திரிப் பெட்டிக் கம்பியில் முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு மீண்டும் வளைந்து மீண்டும் முறியும். சுவருக்குள் முறிந்த கம்பியை அங்கேயே இணைத்துப் பூசிவிடுதல் கூடாது. இணைப்புகள் திறந்து பார்க்கக்கூடிய பெட்டிகளுக்குள் மட்டுமே இருக்க வேண்டும். பழைய கம்பியின் முனையில் புதிய கம்பியைக் கட்டிக் குழாய் வழியே இழுப்பதே வழக்கம். ஆனால் முறிந்த கம்பி இழுக்கும்போது உறையும் கிழிந்து பாதியில் நின்றுவிடும் என்பதால், உடன் செல்லும் முறியாத கம்பியையோ தனி இழுகம்பியையோ பயன்படுத்த வேண்டும்.

பணி முடிந்ததும் புவிக்கம்பியைத் தனியே அளக்க வேண்டும். மூன்று முள் பிளக்கில் நீண்டு பருத்திருக்கும் முள் புவிக்கம்பிக்கு உரியது. மின்சாரத்தில் இணைக்காத நிலையில், அந்த முள்ளுக்கும் கருவியின் பூச்சில்லாத உலோகப் பகுதிக்கும் இடையே தடை ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். சாக்கெட்டின் புவித்துளைக்கும் மீட்டர் பலகையின் புவிமுனைக்கும் இடையே, முதன்மை ஆளியை அணைத்து, நீண்ட கம்பி ஒன்றின் துணையோடு இவ்வாறே அளக்கலாம். இரு அளவீடுகளுக்கும் சேர்த்து ஒரு சாக்கெட்டுக்குச் சில நிமிடங்களே ஆகும்.